விறைத்துப்போன ஆரஞ்சுத் தோல்: முதல் ஈட்டிலிருந்து மூன்றாம் ஈடு வரை

பாகேறிய ஆரஞ்சுத் தோல் சரியாக வந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மேல்தோல் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவித் தெரியும். வளைத்தால் முறியாமல் வளையும். கடித்தால் பல் தடங்கல் இல்லாமல் இறங்கும். முதலில் இனிப்பு, அப்புறம் பழத்தின் வாசனை, கடைசியில் நாக்கின் பின்பக்கம் மெல்லியதாக ஒரு கசப்பு. அந்தக் கசப்பு இருப்பதால்தான் அடுத்த துண்டுக்குக் கை போகிறது.

என் முதல் ஈடு இப்படி வரவில்லை. நுனிகள் தோல்வார் போல விறைத்தன. நடுப்பகுதி வெள்ளையாகவே நின்றது. பன்னிரண்டாம் நாள் டப்பாவுக்குள் பூசணம் பூத்தது. எட்டுப் பழத்தின் தோலும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான சர்க்கரையும் வீணாகின. எங்கே தவறு நடந்தது என்று தேடியதன் பதிவு இது. தேடலின் முதல் பாதியில் நான் தவறான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் அப்படியே எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்குகிற பலரும் அதே இடத்தில்தான் தேடுவார்கள்.

முதல் ஈட்டில் செய்தது

நடுத்தர அளவில், தடித்த தோல் உள்ள ஆரஞ்சு எட்டு. வெந்நீரில் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பழத்தின் மேல் மெழுகு பூசியிருந்தால் அது சாதாரணத் தண்ணீரில் போகாது. பிரஷ்ஷால் தேய்த்து, செயற்கைப் பளபளப்பு மங்கினால்தான் போனதாக அர்த்தம். நான்காகக் கீறி உரித்ததில் தோல் மட்டும் 400 கிராம் வந்தது. ஒரு விரல் நீளம், அரை விரல் அகலம் என்று துண்டு போட்டேன்.

அடுத்தது கசப்பை எடுக்கும் வேலை. பச்சைத் தண்ணீரில் தோலைப் போட்டு, கொதி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு வடித்தேன். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று தெரியும். ஆனால் முதல் கொதியிலேயே வீடு முழுக்க ஆரஞ்சு வாசனை நிரம்பிவிட்டது. இவ்வளவும் ஆவியில் போகிறதே, இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றினால் தோலில் என்ன மிஞ்சும் என்று பயந்து, ஒன்றோடு நிறுத்தினேன். இந்த முடிவுக்குத் திரும்ப வருவோம்.

பாகுக்கு 800 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர். சர்க்கரை கரைந்ததும் தோலைப் போட்டு நல்ல தீயில் 40 நிமிடம் கொதிக்கவிட்டேன். பாகு ஒற்றைக் கம்பிப் பதம் தாண்டி இரட்டைக் கம்பிக்கு வந்தது. தோல் அப்போது கண்ணைப் பறிக்கிற மாதிரி பளபளத்தது. கம்பித் தட்டில் எடுத்துப் பரப்பி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, சர்க்கரையில் புரட்டி, இறுக்கமான டப்பாவில் அடுக்கிவிட்டேன்.

அன்று மாலை ருசி பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. சூடு முழுதாக அடங்காத துண்டு எப்போதும் மிருதுவாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் மேலே புரட்டிய சர்க்கரை கசிந்து ஈரமாகியிருந்தது. மூன்றாம் நாள் நுனிகளை மெல்ல முடியவில்லை. நான்காம் நாள், ஜாடியில் ஊற்றி வைத்திருந்த மீதிப் பாகு கற்கண்டு மாதிரி அடியோடு இறுகிப்போனது. பன்னிரண்டாம் நாள் மூன்று தடித்த துண்டுகளின் மேல் சாம்பல் பச்சையில் புள்ளிகள். டப்பா மொத்தத்தையும் கொட்டினேன். புள்ளி விழுந்த துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற புள்ளிக்கு முன்னாலேயே பூசணத்தின் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். மூன்றில் அந்த அளவுக்கு ஈரம் இருந்தால் பக்கத்தில் இருப்பவையும் அதே நிலையில்தான் இருக்கும்.

சந்தேகம் போன வழி

விறைப்பு என்றதும் பாகைத்தான் சந்தேகித்தேன். பாகு முற்றிவிட்டது, இரட்டைக் கம்பி வரை விட்டிருக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் துண்டு முழுக்க ஒரே மாதிரி இறுகியிருக்க வேண்டும். இங்கே மெல்லிய நுனி ஒரு விதம், தடித்த நடுப்பகுதி வேறு விதம். நடுவில் கடித்தால் ரப்பரைக் கடிப்பது போலச் சவசவவென்று இருந்தது.

சர்க்கரை போதவில்லையோ என்றும் யோசித்தேன். தோலின் எடைக்கு இரண்டு மடங்கு போட்டிருக்கிறேன், அதில் குறைவில்லை. பழம் சரியில்லையோ என்ற சந்தேகத்தை, அதே பழத்தின் சுளைகள் அருமையாக இருந்ததால் கொஞ்சம் அவசரமாகவே ஒதுக்கினேன். சுளைக்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை என்பது உண்மைதான், ஆனால் இந்த விஷயத்தில் பழத்தின் மேல் தவறில்லை என்பது பின்னால் தெரிந்தது.

திருப்பம் அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, “இது வேகவே இல்லையே” என்றார். “நாற்பது நிமிஷம் பாகுல கொதிச்சிருக்கும்மா” என்றேன். “பாகுல போட்டா எது வேகும்?” என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அதுவரை வேகவைப்பதையும் பாகேற்றுவதையும் ஒரே வேலையாக நினைத்திருந்தேன். இரண்டும் கொதிதானே.

வெட்டுமுகம்

ஐந்தாம் நாள், அதாவது பூசணம் தெரிவதற்கு முன்னால், ஒரு தடித்த துண்டைப் புது பிளேடால் குறுக்கே அறுத்து மேசை விளக்கின் முன் பிடித்தேன். வெளியே மேல்தோல், கருத்த தேன் நிறத்தில். அதிலிருந்து தொடங்கி நாலு ஓரத்தையும் சுற்றி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கோடு, கண்ணாடி போல ஒளி விட்டது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது எல்லாம் ஒளி புகாத வெள்ளை, சுண்ணாம்புச் சுவர் மாதிரி. ஊசி நுனியால் குத்திப் பார்த்தேன். கோட்டில் ஊசி தடைபட்டது, அழுத்தியதும் ‘டக்’கென்று உள்ளே போய், அதற்குப் பிறகு பஞ்சில் இறங்குவது போல இறங்கியது. நடு வெள்ளையைக் கத்தி முனையில் சுரண்டி நாக்கில் வைத்தேன். இனிப்பு பேருக்குத்தான் இருந்தது. கசப்பு அப்படியே இருந்தது.

பாகு உள்ளே போகவே இல்லை. ஓரத்தில் ஓடு கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. மெல்லிய நுனியில் ஓடு மட்டும்தான் இருக்கிறது, அதனால் அது விறைப்பு. தடித்த இடத்தில் ஓட்டுக்குள் வேகாத பஞ்சு, அதனால் அது சவசவப்பு. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மெல்ல வெளியே கசிந்து மேல் சர்க்கரையை நனைத்திருக்கிறது. அவ்வளவு கெட்டிப் பாகும் ஏன் உள்ளே போகவில்லை என்பதுதான் இப்போது கேள்வி.

நாலு கிண்ணம்

என்னிடம் இரண்டு சந்தேகம் இருந்தது. ஒன்று, தண்ணீரில் போதுமான அளவு வேகவில்லை. இன்னொன்று, எடுத்த எடுப்பிலேயே கெட்டிப் பாகில் போட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால் இரண்டாம் ஈட்டைச் சோதனைக்கென்றே ஒதுக்கினேன். அதே ரகப் பழம், ஒரே அளவில் நறுக்கிய துண்டுகள், கிண்ணத்துக்கு 60 கிராம்.

முதல் கிண்ணத்தில் பழைய முறை: ஒரு கொதி, நேராகக் கெட்டிப் பாகு. இரண்டாவதில் அதே ஒரு கொதி, ஆனால் இளம்பாகில் தொடங்கி நாலு நாளில் படிப்படியாகக் கெட்டியாக்கினேன். மூன்றாவதில் மூன்று முறை தண்ணீர் மாற்றி, அதற்கு மேலும் 40 நிமிடம் நிதானமாக வேகவைத்து, வெந்த தோலை நேராகக் கெட்டிப் பாகில் போட்டேன். நான்காவதில் அதே போல வேகவைத்த தோல், இளம்பாகில் தொடக்கம்.

முதல் கிண்ணம் எதிர்பார்த்த மாதிரியே பழைய விறைப்பு. இரண்டாவதில் நாலு நாள் பொறுமையாக இருந்தும் பலன் பாதிதான். பாகு ஓரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது, ஆனால் மெல்ல மெல்ல வாயில் கசப்பு நார் சேர்ந்தது. மூன்றாவது மிருதுவாக இருந்தது, கசப்பும் அளவாக இருந்தது, ஆனால் துண்டுகள் சுருங்கி, ஓரம் மடிந்து, பாதி உடம்பாகிப் போயிருந்தன. நான்காவது கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து விளக்கின் முன் பிடித்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒளி போனது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

நாலு கிண்ணம் என்பது பெரிய ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால் ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிகிறது. வேகாத தோலுக்கு நாலு நாள் பாகு கொடுத்தாலும் அது தேறவில்லை. வெந்த தோல் அவசரப் பாகில்கூடச் சாப்பிடும்படி வந்தது. நேரம் குறைவாக இருக்கிறவர்கள் எதைச் சுருக்கினாலும் தண்ணீரில் வேகும் நேரத்தைச் சுருக்கக் கூடாது என்பது என் கருத்து.

தோலுக்குள் நடப்பது

இந்தப் பழங்களின் தோலில் இரண்டு பகுதி. வெளியே நிறமுள்ள மெல்லிய மேல்தோல், அதில் பொடிப்பொடியாக எண்ணெய்ப் பைகள். உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, அதில் செல்களுக்கு நடுவே உண்மையாகவே காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. அது வெள்ளையாகத் தெரிவதற்கும், நறுக்கிய தோல் தண்ணீரில் மிதப்பதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். ஜாம் உறைவதற்குச் சேர்க்கிற பெக்டின் பொடியைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இந்தத் தோலிலிருந்துதான் எடுக்கிறார்கள். அவ்வளவு பெக்டின் இதில் இருக்கிறது.

தண்ணீரில் வேகவைக்கும்போது மூன்று காரியம் சேர்ந்து நடக்கிறது. கசப்பு கரைந்து தண்ணீருக்கு வருகிறது. பெக்டின் பசை தளர்ந்து தோல் மிருதுவாகிறது. பஞ்சுக்குள் இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காருகிறது. பிறகு பாகு வந்து இடம் பிடிக்கப்போவது அந்தத் தண்ணீரின் இடத்தில்தான். ஐந்து நிமிடத்தில் வடித்த என் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. காற்று வெளியே போகவே இல்லை.

பாகுக்குள் போன பிறகு இதில் எதுவும் ஒழுங்காக நடக்காது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, பசை தளர்வதற்குத் தேவையான தண்ணீர் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, பெக்டினும் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால் உறையும், இளகாது. ஜாம் அப்படித்தான் உறைகிறது. ஆகவே பாகில் போடும் நேரத்தில் தோல் எவ்வளவு மிருதுவோ, அதற்கு மேல் மிருதுவாகாது. எலுமிச்சைச் சாற்றை வேகும் தண்ணீரிலேயே பிழிகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுவது நல்லது, புளிப்பில் பெக்டின் சீக்கிரம் தளராது. உப்புத்தன்மை உள்ள கடினத் தண்ணீரிலும் இதே தொல்லை உண்டு. அதில் இருக்கும் கால்சியம் பசையை இன்னும் இறுக்கிக் கட்டும். அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் வேகும் நேரம் கூடும், அல்லது வடிகட்டிய தண்ணீரை வைத்துக்கொள்ளலாம்.

கெட்டிப் பாகில் நேராகப் போட்டால் ஏன் சுருங்குகிறது என்பது வேறு கதை. தோலுக்குள் தண்ணீர், வெளியே அடர்த்தியான சர்க்கரை. இரண்டும் சமமாகும்வரை தண்ணீர் வெளியே வரும், சர்க்கரை உள்ளே போகும். தண்ணீர் மூலக்கூறு சின்னது, வேகமாக ஓடிவந்துவிடும். சர்க்கரை மூலக்கூறு பெரியது, கெட்டிப் பாகில் இன்னும் மந்தமாக நகரும். வெளியே போனது அதிகம், உள்ளே வந்தது குறைவு என்றால் துண்டு சுருங்கத்தான் செய்யும். அப்படிச் சுருங்கிய ஓரம் அடர்ந்து போய், பின்னால் வரும் சர்க்கரைக்கும் வழியை அடைத்துவிடுகிறது. இளம்பாகில் தொடங்கினால் இரண்டு பக்கமும் வித்தியாசம் குறைவு, அதனால் போக்குவரத்து நிதானமாக நடக்கும். இரவு முழுக்க ஊறவிடுவதன் காரணமும் இதுதான். கொதிக்கவிட்டு இந்த வேலையை அவசரப்படுத்தினால் வெளியே இருக்கும் பாகு இன்னும் வற்றிக் கெட்டியாகும், தோலுக்குப் பயனில்லை.

வாசனை பற்றிய என் பயத்துக்கும் பதில் கிடைத்தது. ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன். அது தண்ணீரில் கரையாது. ஆவியோடு கொஞ்சம் போகும், வீடு மணப்பது அதனால்தான். ஆனால் மேல்தோலின் பைகளுக்குள் மிச்சமிருப்பது மிச்சமிருக்கும். கசப்புப் பொருள்களோ வெந்நீரில் கரைந்து வடித்த தண்ணீரோடு போய்விடும். எனவே தண்ணீரை மாற்றும்போது கசப்பு போகும் அளவுக்கு வாசனை போவதில்லை. நான்காவது கிண்ணத்துத் துண்டைக் கடித்தபோது எழுந்த வாசனை முதல் கிண்ணத்தில் இல்லாதது. அங்கே கசப்பு மேலே நின்று அதை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். வேகவைக்கும்போது தீயைக் குறைத்து மூடி போட்டால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

மூன்றாம் ஈடு

மறுபடியும் எட்டுப் பழம், 400 கிராம் தோல், 800 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர். வேண்டுமென்றே அளவு எதையும் மாற்றவில்லை. பின்னால் சேர்த்த குளுக்கோஸ் பாகு ஒன்றுதான் புதிது.

முதல் நாள். தோலை நறுக்காமல், நான்காக உரித்த கால்பாகங்களாகவே போட்டேன். ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணீரில் தொடங்கி, கொதி வந்து ஐந்து நிமிடத்தில் வடித்து, புதுத் தண்ணீர். இப்படி மூன்று. நான்காவது தண்ணீரில் மூடி போட்டு, குமிழ் மெதுவாக எழும் தீயில் 40 நிமிடம். நிமிடக் கணக்கு பழத்துக்குப் பழம் மாறும், கடிகாரத்தை நம்ப வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் வெள்ளைப் பக்கத்தை அழுத்தினால் தடையே இல்லாமல் நகம் பதிய வேண்டும், அதே சமயம் தோல் கையில் எடுத்தால் கிழியக் கூடாது. அப்போது வெள்ளைப் பகுதியும் பால் வெண்மை போய், ஈரக் காகிதம் மாதிரி மங்கலான ஒளி விடும். ஆறியதும் நறுக்கினேன். வெந்த தோலைக் கத்தி வெண்ணெய் மாதிரி அறுக்கிறது, துண்டுகளும் சீராக வருகின்றன. வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எறிய வேண்டாம். பாகை வாங்கி வைத்துக்கொண்டு வாயில் கரைவது அதுதான். முழுக்கச் சுரண்டியவர்களுக்கு மிஞ்சுவது விறைத்த மேல்தோல் மட்டும்.

பாகுக்கு எடுத்து வைத்த 800 கிராமில் பாதி மட்டும், 400 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர். கொதித்ததும் தோலைப் போட்டு, சிறு தீயில் 15 நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்துத் துண்டுகள் மேலே எழாமல் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து வைத்தேன். இரவு முழுக்க அப்படியே.

இரண்டாம் நாள் காலையில் பாகு நேற்று இருந்ததைவிட நீர்த்திருந்தது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறக்கூடும். வெந்த தோல் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறது, அந்தத் தண்ணீர் பாகுக்கு வந்து, பாகின் சர்க்கரை தோலுக்குப் போயிருக்கிறது. வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தோலை ஓட்டைக் கரண்டியில் அரித்தெடுத்து வைத்துவிட்டு, பாகில் 200 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, தோலைத் திரும்பப் போட்டுப் பத்து நிமிடம். மறுபடி இரவு முழுக்க ஊறல். மூன்றாம் நாளும் இதையே, மீதி 200 கிராமோடு.

நான்காம் நாள் 80 கிராம் குளுக்கோஸ் பாகு சேர்த்துச் சிறு தீயில் வற்றவிட்டேன். இங்கேதான் தெர்மாமீட்டர் உதவுகிறது. பாகில் சர்க்கரை கூடக்கூடக் கொதிநிலை ஏறும். 70 சதவீதச் சர்க்கரைப் பாகு ஏறத்தாழ 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 75 சதவீதம் 108 வாக்கில், 80 சதவீதம் 112 வாக்கில். நான் 107-இல் நிறுத்தினேன். இந்தக் கணக்கு கடல்மட்டத்துக்கு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவதால், முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொண்டு, அதற்கு மேல் ஏழு டிகிரி என்று வைத்துக்கொள்வது பிழையில்லாத வழி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒற்றைக் கம்பிப் பதம். இரட்டைக் கம்பிக்குப் போக வேண்டாம்.

கடைசிக் கட்டத்தில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 107-லிருந்து 112 வரை போக அதிக நேரம் ஆகாது. கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பதும் வேண்டாம், பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும்.

பாகு ஏன் கற்கண்டானது

முதல் ஈட்டின் மீதிப் பாகு இறுகியதற்கு விளக்கம் நேரானது. அறை வெப்பநிலையில் ஒரு பங்கு தண்ணீர் ஏறத்தாழ இரண்டு பங்கு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது எடையில் மூன்றில் இரண்டு பங்கு. சூட்டில் அதற்கு மேல் கரையும், ஆறும்போது அந்த அதிகப்படி சர்க்கரை படிகமாக வெளியே வரக் காத்திருக்கும். ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரை மணி போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் இறுகிவிடும். குளுக்கோஸ் பாகு சேர்த்தால் வேறு வகைச் சர்க்கரை நடுவில் புகுந்து படிகம் அடுக்குவதைக் கெடுக்கும். அது கிடைக்காதவர்கள் கடைசி நாள் பாகில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடலாம். சூட்டில் புளிப்பு சாதாரணச் சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடும். தோல் ஏற்கெனவே வெந்துவிட்டதால் இந்தக் கட்டத்தில் புளிப்பு கெடுதல் செய்யாது.

மூன்றாம் ஈட்டின் மீதிப் பாகு இன்னும் தெளிவாக ஊற்றும்படி இருக்கிறது. நாலு நாள் தோல் ஊறிய பாகு என்பதால் தோலைவிட அது மணக்கிறது. கேக் மேல் தடவ, சோடாவில் கலக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

உலர்த்துவதும் பூசணமும்

கம்பித் தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க. முதல் ஈட்டில் இரண்டே மணி நேரத்தில் சர்க்கரையில் புரட்டியது அடுத்த பிழை. ஈரப்பதம் அதிகமான நாள் என்றால் ஒரு நாளும் போதாது. ஓவனை 60, 70 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து, ஒன்றிரண்டு மணி நேரம் வைக்கலாம். தொட்டால் விரல் லேசாக ஒட்ட வேண்டும், ஆனால் எடுத்த விரலில் பாகு வரக் கூடாது. அந்த நேரத்தில் புரட்டினால்தான் சர்க்கரை பிடிக்கும், கசியவும் செய்யாது. முழுக்கக் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஒட்டாது. மேலே தூவ மாவுச் சர்க்கரை வேண்டாம், ஈரம் பட்டதும் கரைந்துவிடும்.

சர்க்கரையில் போட்டது கெடாது என்பது பாதி உண்மைதான். நுண்ணுயிர்கள் வளரத் தனியாக விடுபட்ட தண்ணீர் வேண்டும். அதை அளக்கிற எண்ணை நீர்ச் செயல்பாடு என்கிறார்கள், சுத்தத் தண்ணீருக்கு அது 1. இனிமேல் கரையாது என்கிற அளவுக்குச் சர்க்கரை போட்ட கரைசலுக்கே அது ஏறத்தாழ 0.86-தான் வரும். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அது போதாது, ஆனால் பல பூசணங்களுக்குப் போதும். அதனால்தான் பாகேறியதற்குப் பின் உலர்த்தி அதை இன்னும் கீழே கொண்டுவருகிறோம். என் முதல் ஈட்டின் தடித்த துண்டுகளில் நடுப் பஞ்சுக்குச் சர்க்கரை போய்ச் சேரவே இல்லை, அங்கே இருந்தது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அது மெல்ல வெளியே வந்து மேற்பரப்பையும் நீர்க்கச் செய்தது. மூடிய டப்பாவில் போக வழியில்லாமல் தங்கிவிட்டது. பூசணம் தடித்த துண்டுகளில் மட்டும் வந்தது தற்செயல் இல்லை.

மற்ற தோல்கள்

இதே முறையை எலுமிச்சைத் தோலில் செய்தபோது மூன்று தண்ணீர் அப்படியே சரியாக இருந்தது, தோல் மெல்லியது என்பதால் வேகும் நேரம் மட்டும் குறைந்தது. கிரேப்ஃப்ரூட்டுக்கும் பம்ப்ளிமாஸுக்கும் மூன்று போதாது. அவற்றின் கசப்புக்கு முக்கியக் காரணமான நரிஞ்சின் தோலில் ஏராளமாக இருக்கிறது. ஐந்து தண்ணீர் வரை போகலாம், ஒவ்வொரு முறை வடித்ததும் ஒரு சின்னத் துணுக்கைக் கடித்துப் பார்த்து முடிவு செய்யலாம். பம்ப்ளிமாஸின் பஞ்சு விரல் தடிமனுக்கு இருக்கும், அதைப் பாதியாகச் சீவிக் குறைப்பது தப்பில்லை. மெல்லிய தோல் கமலா வகைகளில் மேல்தோலும் கொஞ்சம் நாரும்தான் இருக்கிறது. அவற்றை இதற்கு எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம் ஈட்டை அடைத்து இன்றைக்கு ஏழு வாரம். கண்ணாடி ஜாடியில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து, வெளியிலேயே இருக்கிறது. நேற்று எட்டுத் துண்டுகளை எடுத்து பிளேடால் அறுத்து விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். ஆறு துண்டுகளில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒளி. இரண்டில் மட்டும் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. இரண்டும் காம்புப் பக்கத்துத் தோல், பழத்தில் மிகத் தடித்த இடம். நகத்தால் அழுத்திப் பார்த்தபோது அந்த இடத்தைத் தனியாகச் சோதித்த நினைவு எனக்கு இல்லை. அடுத்த ஈட்டில் காம்புப் பக்கத்தை முதலில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரை வடிப்பேன்.